அறிமுகமும் ஆராய்ச்சியும்

விஞ்ஞான ஆராய்ச்சியில் இறங்க விரும்பும் ஓர் இளைஞருக்கோ இளம் பெண்ணுக்கோ வேண்டுவன எவை என்று வினவினால், நல்ல கல்வி, செம்மையான கருவிகள், நிறைவான நூலகம், கவலையின்றி வாழப் போதிய உதவித் தொகை என்று நாம் உடனே விடையிறுப்போம். இவை நான்கும் இன்றியமையாதவையே. ஆயினும் ஐந்தாவதாக ஒன்று உண்டு. திட்ட அறிக்கைகளில் அது காணப்படுவதில்லை. வரவு செலவுக் கணக்குகளிலும் அதற்குத் தலைப்பு இல்லை. அதுவே அறிமுகம்.

எந்தச் சோதனைச் சாலையில் இடம் காலியாகப் போகிறது, எந்தப் பேராசிரியர் புதிய பொருளில் ஆராய்ச்சி தொடங்குகிறார், எந்த மாநாட்டில் கட்டுரை படித்தால் உரியவர் செவியில் விழும், ஆய்வேட்டை யாரிடம் முதலில் காட்டித் திருத்தம் பெறுவது என்பன போன்ற செய்திகள் அச்சேறுவதற்கு முன்பே வாய்மொழியாகப் பரவுகின்றன. ஆசிரியரின் நண்பர், தந்தையின் உடன் பயின்றவர், விடுதியில் உடன் தங்கியவர் ஆகியோர் வாயிலாக இவை சிலருக்கு எளிதில் கிட்டுகின்றன. குடும்பத்திலிருந்து முதன் முதலாகக் கல்லூரிப் படி ஏறியவருக்கு இச்செய்திகள் கிட்டுவதில்லை. கிட்டினும் காலம் கடந்தே வருகின்றன. இவர்தம் திறமையில் குறையில்லை. ஆயினும், திறமை அறியப்படுவதற்குரிய வழி இவர்களுக்கு அடைபட்டிருக்கிறது. விஞ்ஞானத்தில் தம் தொகைக்கு ஏற்ற இடம் பெறாத பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், கடற்கரைச் சிற்றூர்வாசிகள் ஆகியோருக்கு இவ்வழியை அமைத்துத் தருவது தனி மனிதரின் கருணைக்கு விடப்படலாகாது. அது ஆராய்ச்சி நிலையங்களின் கடமையாகக் கருதப்படுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதனை ஆராய்வதற்குத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரம் அரிது. விண்வெளி ஆராய்ச்சி, மருத்துவத் தொழில் நுட்பம், உயிரியல் தொழில் நுட்பம், புவி அறிவியல், கிழங்குப் பயிர் ஆராய்ச்சி எனப் பல துறைகளுக்கும் பெரு நிலையங்கள் இந்நகரத்திலும் இதன் சுற்றுப்புறத்திலும் அமைந்துள்ளன. அதே நகரத்தின் வரலாற்றில்தான், திறமை இருந்தும் கதவு திறக்கப்படாத சிலரின் வாழ்க்கையும் பதிவாகியிருக்கிறது.

மருத்துவர் பல்பு

1863-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் பத்மநாபன் பல்பு. ஈழவ வகுப்பினர் என்ற ஒரே காரணத்தால் திருவிதாங்கூரில் மருத்துவக் கல்வி பயில அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சென்னைக்குச் சென்று மருத்துவப் பட்டயம் பெற்றுத் திரும்பினார். அப்போதும் சமஸ்தான மருத்துவத் துறையில் அவருக்கு வேலை கொடுக்கப்படவில்லை. பிறந்த மண் ஏற்காத அந்த மருத்துவரை மைசூர் சமஸ்தானம் ஏற்றுக் கொண்டது. அம்மை குத்தும் பணியிலும், பெங்களூரைப் பிளேக் நோய் வாட்டிய நாட்களிலும் அவர் ஆற்றிய தொண்டு வரலாற்றில் நிலைத்துள்ளது.

தமக்கு வாழ்வு கிடைத்ததோடு பல்பு நிறைவடைந்துவிடவில்லை. 1891-இல் அரசுப் பணிகளில் நாட்டவருக்கு இடம் கோரி விடுக்கப்பட்ட மலையாளி விண்ணப்பத்தில் அவர் கையொப்பமிட்டார். 1896-இல் தம் வகுப்பாருக்குக் கல்வியும் பதவியும் கோரி 13,176 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அரசுக்கு அளிக்கச் செய்தார். பிற்காலத்தில் மகாகவியாக விளங்கிய குமாரன் ஆசான் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் கல்வி பயில உதவினார். 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றுவதற்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த அமைப்பு 1905-இல் கொல்லத்தில் நடத்திய கைத்தொழில் கண்காட்சி, ஒரு சமூகம் தொழிலறிவை நோக்கித் திரும்பியதற்குச் சான்றாயிற்று.

ஒருவருக்கு மறுக்கப்பட்ட கதவை அடுத்தவருக்காகத் திறப்பதற்கு அமைப்பு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். தனி ஒருவர் தரும் சிபாரிசுக் கடிதம் அவ்வொருவரின் ஆயுளோடு முடிந்துவிடும். அமைப்பு பல தலைமுறைகளுக்குப் பயன்படும்.

தந்தையின் துணையும் அரசின் தடையும்

மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையாரின் வரலாறு மற்றொரு வகைப் பாடத்தைப் புகட்டுகிறது. 1886-இல் பிறந்த அவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் பயில விரும்பியபோது, பெண் என்ற காரணத்தால் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே வரலாறு பயின்று பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனுக்குச் சென்று 1915-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பித் தைக்காட்டிலுள்ள மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1938-இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் பதவி அவரை வந்தடைந்தது. விஞ்ஞான வகுப்பில் அமர இடம் மறுக்கப்பட்டவரே சமஸ்தானத்தின் மருத்துவத் துறை முழுமைக்கும் தலைமை தாங்கினார்.

இவ்வெற்றியைப் போற்றும்போது ஓர் உண்மையையும் மறத்தல் ஆகாது. அவர் தந்தையார் தி. இ. புன்னன் தாமே மருத்துவர். அரண்மனை வைத்தியராக விளங்கியவர். இலண்டன் செல்லும் வழி, அங்குப் பயிலும் முறை, அதற்காகும் செலவு ஆகியவற்றை அறிந்தவர் அவ்வில்லத்திலேயே இருந்தார். அத்தகைய தந்தை வாய்க்கப் பெறாத எத்தனையோ பெண்கள், அதே கல்லூரியின் வாயிலிலிருந்து திரும்பியவர்களாகவோ, வாயில் வரை வாராதவர்களாகவோ இருந்திருப்பர். அவர்தம் பெயர்களை நாம் அறியோம். மேரி அம்மையார் பதவி ஏற்ற பின்னர், ஊர் மருத்துவச்சிகளின் மக்களுக்கு மகப்பேற்றுப் பணியில் முறையான பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். பரம்பரைத் தொழிலறிவு உடைய, ஆனால் பள்ளிப் படிப்பு எட்டாத குடும்பங்களைப் புதிய மருத்துவத்துடன் இணைத்த பாலம் அது.

இரு பெண் விஞ்ஞானிகள்

தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள், கீழ்நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கென அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் நிறுவப்பட்ட பார்பர் உதவிச் சம்பளம் பெற்றுச் சென்று, 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் தாவர இயல் பேராசிரியராகப் பணி புரிந்தார். பின்னர்க் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1940 முதல் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்த அவர், அறிஞர் டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துக் கூறும் பெருநூலை 1945-இல் வெளியிட்டார். 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். அவருடைய வாழ்வின் திருப்பங்கள் ஒவ்வொன்றிலும் ஓர் உதவிச் சம்பளமோ, உடன் உழைக்கும் ஓர் அறிஞரோ, ஓர் அழைப்போ நிற்பதைக் காண்கிறோம். அவற்றுள் முதலாவது, பெண்களுக்கென்றே திட்டமிட்டு ஏற்படுத்தப்பட்டது என்பதைக் கருத்திற் கொள்ள வேண்டும். அத்திட்டம் இல்லையேல், பின்னர் வந்த தோழமையும் அழைப்பும் நேர்ந்திருக்குமோ என்பது ஐயமே.

அன்னா மாணி அம்மையார் 1918-இல் பீர்மேட்டில் பிறந்தார். எட்டாம் பிறந்த நாளில் வைரத் தோடு அளிக்க முன்வந்த பெற்றோரிடம், அதற்கு மாறாகப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டுப் பெற்றதாகக் கூறுவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், 1940-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டார். ஆனால் அவர் 1945-இல் அளித்த ஆய்வேட்டுக்கு டாக்டர் பட்டம் வழங்கப்படவில்லை. முதுகலைப் பட்டம் பெறவில்லை என்பதே சென்னைச் சர்வகலாசாலை கூறிய காரணம். அந்த ஆய்வுக்கூடத்தில் ஆண்களும் பெண்களும் கலந்து உரையாடுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்ததென விஞ்ஞான வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். ஆராய்ச்சியில் பாதி, கருவியின் முன் நிகழ்கிறது. மறு பாதி, சக ஆராய்ச்சியாளருடன் நிகழும் வாதத்தில் பிறக்கிறது. அம்மறு பாதியிலிருந்து பெண் ஆராய்ச்சியாளர்கள் விலக்கி வைக்கப்பட்டனர்.

பௌதிகத்தில் மேற்படிப்பை நாடிய அன்னா மாணிக்குக் கிடைத்த அரசாங்க உதவித் தொகை, வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கு உரியதாக இருந்தது. கிடைத்த வழியைப் பற்றிக்கொண்டு இங்கிலாந்து சென்றார். 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வகை வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். சர்வதேசப் புவிப் பௌதிக ஆண்டாகிய 1957-58-இல் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். தும்பாவில் ராக்கெட் தளம் தொடங்கியபோது, விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கிணங்க அங்கு வானிலைக் கூடத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்தார். 1976-இல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநர் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அவர், 2001-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அறிமுகத்தின் எடை

இவை பழங்கதைகள் என்றும், இன்று தகுதி ஒன்றே அளவுகோல் என்றும் சிலர் கூறக்கூடும். இக்கூற்றைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1997-இல் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த வென்னராஸ், வோல்ட் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள், தம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விண்ணப்பதாரர்களுக்கு அளித்த மதிப்பெண்களை ஆராய்ந்து, 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். ஆண் விண்ணப்பதாரருக்குச் சமமான மதிப்பெண் பெற, பெண் ஒருவர் அவரினும் இரண்டரை மடங்கு ஆராய்ச்சிப் பயன் காட்ட வேண்டியிருந்தது. அதோடு, தேர்வுக் குழு உறுப்பினர் ஒருவருடன் தொடர்புடைய விண்ணப்பதாரர், அவ்வுறுப்பினர் மதிப்பெண் இடாமல் ஒதுங்கி நின்றபோதும், கூடுதல் மதிப்பெண் பெற்றார். அறிமுகத்திற்கு எடை உண்டு என்பதும், அதனை நிறுத்துக் காட்ட முடியும் என்பதும் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டன. ஆண்-பெண் சமத்துவத்திற்குப் பெயர் பெற்ற நாட்டில் கண்ட நிலை இது. நம் நாட்டில், பாலோடு சாதியும் ஊரும் மொழியும் சேர்ந்து கொள்கின்றன.

நம் நாட்டுப் புள்ளி விவரங்களையும் நோக்குவோம். 2021-22-ஆம் ஆண்டின் உயர்கல்வி அளவாய்வின்படி, விஞ்ஞானப் பிரிவில் பயின்ற 57.2 இலட்சம் மாணவருள் 29.8 இலட்சம் பேர், அதாவது 52.1 விழுக்காட்டினர், பெண்கள். ஆனால் 2018-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியிலும் அபிவிருத்தியிலும் நேரடியாக ஈடுபட்டிருந்தோருள் பெண்களின் பங்கு 16.6 விழுக்காடே. வகுப்பறையில் பாதிக்கு மேற்பட்டிருந்தவர்கள், சோதனைச் சாலையை அடையும்போது ஆறில் ஒரு பங்காகக் குறைந்து விடுகின்றனர். திருமணம், மகப்பேறு, இடமாற்றம் ஆகியவற்றால் நேரும் இடைவெளி இதற்கு ஒரு காரணம். அந்த இடைவெளியில் அறுந்துபோகும் தொடர்புகளை மீண்டும் பிணைப்பார் இல்லாமை மற்றொரு காரணம். மூன்று ஆண்டுகள் விலகியிருந்தவருக்குப் பாடம் மறந்துவிடுவதில்லை; ஆனால் அவர் பெயரை மற்றவர் மறந்து விடுகின்றனர்.

தந்தவர்களுக்கு என்ன தந்தோம்?

திருவனந்தபுரத்தின் விஞ்ஞான வளர்ச்சிக்குத் துணை நின்றவர்களுள் இரு கூட்டத்தாரை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். தும்பாவின் மீனவ மக்கள் ராக்கெட் தளத்திற்காகத் தம் நிலத்தையும், தாம் வழிபட்ட மேரி மக்தலேனா ஆலயத்தையும் விட்டுக் கொடுத்தனர். 1963 நவம்பர் 21-ஆம் நாள் அக்கரையிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தது. அவ்வாலயம் இன்று விண்வெளிக் காட்சிச் சாலையாகத் திகழ்கிறது.

அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்களோ தம் அறிவையே தந்தனர். 1987-இல் காட்டினுள் சென்ற ஆராய்ச்சியாளர், களைப்பைப் போக்கும் ஆரோக்கியப் பச்சை என்னும் செடியை அவர்கள் வாயிலாகவே அறிந்தனர். பாலோட்டிலுள்ள வெப்ப மண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. அதன் வருவாயில் பாதியைக் காணி மக்களுக்கே அளிப்பதென முடிவு செய்து, உலகிற்கே முன்மாதிரியாக நின்றது. இது பாராட்டிற்குரிய செயல்.

எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. நிலம் தந்தவரின் பேரப்பிள்ளைகளும், அறிவு தந்தவரின் பேரப்பிள்ளைகளும் இந்நிலையங்களில் விஞ்ஞானிகளாக எத்தனை பேர் உள்ளனர்? பணத்தில் பங்கு தருவது நீதி. பணியில் பங்கு பெற வழி காட்டுவது அதனினும் உயர்ந்த நீதி. மதிற்சுவருக்கு அப்பால் வாழும் சிறுமி, தன் வீட்டுக் கூரைக்கு மேல் ராக்கெட் செல்வதைக் காண்கிறாள். அதனைச் செய்தவருள் ஒருவரோடேனும் அவள் பேசியிருக்கிறாளா?

செய்யத் தக்கவை

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. இடைவெளிக்குப் பின் ஆராய்ச்சிக்குத் திரும்பும் பெண்களுக்கென மத்திய விஞ்ஞானத் தொழில் நுட்பத் துறை 2002-03-இல் தனித் திட்டம் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு முதல் மாணவியரை ஊக்குவிக்கும் 'விஞ்ஞான ஜோதி' என்னும் திட்டமும் பின்னர் ஏற்பட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணி புரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். இந்தியச் சயன்ஸ் அகாதமி 2008-இல் வெளியிட்ட 'லீலாவதியின் புதல்வியர்' என்னும் ஆங்கிலத் தொகுப்பு, ஏறக்குறைய நூறு பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கையை இளந்தலைமுறைக்கு எடுத்துக் காட்டியது. இவற்றோடு, பெரும் பொருட்செலவின்றி நிலையங்கள் தாமே செய்யத் தக்கவை சில உள்ளன.

முதலாவது, புதிதாகச் சேரும் ஒவ்வோர் ஆராய்ச்சி மாணவருக்கும், ஆய்வு நெறியாளர் ஒருவரோடு, வேறு நிலையத்தைச் சேர்ந்த மூத்த விஞ்ஞானி ஒருவரையும் ஆலோசகராக நியமிக்க வேண்டும். நெறியாளர் ஒருவரையே நம்பியிருக்கும் மாணவருக்கு அவரோடு மனத்தாங்கல் நேரின் புகலிடம் இல்லை. ஒரே நகரத்தில் பல நிலையங்கள் அமைந்திருப்பதால் திருவனந்தபுரத்தில் இஃது எளிது.

இரண்டாவது, தற்காலிக ஆராய்ச்சிப் பணிகள், கோடைக்காலப் பயிற்சிகள் ஆகியவற்றைப் பற்றிய அறிவிப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே நாளில், யாவரும் காணுமாறு மலையாளத்திலும் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து நாள்தோறும் ரயிலேறி வரும் மாணவிக்கு, பேராசிரியரின் அறை வாயிலில் ஒட்டப்படும் தாள் எட்டுவதில்லை.

மூன்றாவது, மாநாடுகளுக்கு அழைக்கப்படும் பேச்சாளர் பட்டியலை, அழைப்பு அனுப்புமுன் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். தெரிந்தவரையே அழைப்பது மனித இயல்பு. ஆகவேதான் எண்ணிப் பார்த்தல் தேவைப்படுகிறது. இடைவெளியில் உள்ள பெண் ஆராய்ச்சியாளரின் பெயரும் கருத்தரங்கு அழைப்புப் பட்டியலில் தொடர்ந்து இருத்தல் நலம்.

நான்காவது, கடற்கரைப் பள்ளிகளுக்கும் மலைவாழ் மக்களின் பள்ளிகளுக்கும் விஞ்ஞானிகள் ஆண்டுக்கு ஒரு முறை விழாவிற்குச் சென்று மாலை பெற்றுத் திரும்புவதற்குப் பதிலாக, அதே விஞ்ஞானி அதே மாணவரைப் பள்ளி முடியும் வரை தொடர்ந்து சந்திக்கும் முறை ஏற்பட வேண்டும். ஒரு நாள் சந்திப்பால் வியப்பு தோன்றும். பல நாள் பழக்கத்தால்தான் துணிவு பிறக்கும்.

இவற்றுக்கெல்லாம் மூத்த விஞ்ஞானிகளின் நேரம் செலவாகும் என்பதை மறைப்பதற்கில்லை. இன்று அந்நேரத்தை மனமுவந்து அளிப்போர் சிலரே. பெரும்பாலும் அவர்களே தாமும் துன்புற்று மேலே வந்தவர்கள். அவர்கள் தலையிலேயே இச்சுமை முழுவதையும் ஏற்றுதல் முறையன்று. ஆலோசகராகப் பணியாற்றிய காலத்தை, ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் போலவே பதவி உயர்வின்போது கணக்கிற் கொள்ள வேண்டும். கணக்கில் வாராத கடமை நாளடைவில் கைவிடப்படும்.

இதனால் தகுதி குன்றும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். அறிமுகத்தால் நியமனம் பெறுவது வேறு; அறிமுகத்தால் தேர்வு பற்றிய செய்தி பெறுவது வேறு. முன்னதை நாம் வேண்டவில்லை. தேர்வுக் குழுவின் கண்டிப்பு சிறிதும் தளர வேண்டா. பின்னது இப்போதே சிலருக்குக் கிடைத்து வருகிறது. அதனை எல்லோருக்கும் உரியதாக்கினால் போட்டியிடுவோர் தொகை பெருகும். போட்டி பெருகினால் தகுதி உயருமேயன்றித் தாழாது.

தவறான அளவீடு, அளவீடே இல்லாமையைவிடத் தீயது என்பது அன்னா மாணி அம்மையாரின் உறுதியான கொள்கை. அவர் நிறுவிய கருவிகள் வெயிலையும் காற்றையும் நேர்மையாக அளந்தன. அவர் வாழ்ந்து மறைந்த நகரத்து நிலையங்கள், தம் வாயிலுள் நுழைவோர் யாவர், நுழையாதோர் யாவர், நுழைந்தும் நிலைக்காதோர் யாவர் என்பதை அதே நேர்மையோடு ஆண்டுதோறும் அளந்து வெளியிடட்டும். பல்புவைப் போல் பிறந்த ஊரைத் துறந்து சென்றே பெயர் பெற வேண்டிய நிலை இனி எவருக்கும் நேராதிருக்க, முதற்படி அதுவே.